5400 கட்டங்களில் தாத்தா

முதலில் செய்த மொசைக்கை அத்தையிடம் காட்டியபோது, அறையின் அந்தக் கோடியில் நின்று பார்த்துவிட்டு, "அப்பாவேதான்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் கிட்டே வந்தார், மூக்கு காகிதத்தில் படும் அளவுக்கு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரு எங்க இருக்கான்னு ஒண்ணுமே தெரியலையே, எல்லாம் புகை படிஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. தாத்தா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. குடும்பத்தில் எல்லோரிடமும் சிதறிக் கிடந்த படங்களைச் சேர்த்து, அவற்றாலேயே அவர் முகத்தை உருவாக்க வேண்டும் என்பதுதான் ஆசை. தூரத்தில் நின்றால் தாத்தா, கிட்டே வந்தால் நாங்கள் எல்லோரும். நான் செய்து வைத்திருந்ததில் தாத்தா மட்டும்தான் இருந்தார். சின்னப் படங்களை அடுக்கி ஒரு பெரிய படத்தை உண்டாக்கும் இந்த ஃபோட்டோ மொசைக்கைப் பார்ப்பவர் இரண்டு இடத்தில் நிற்கிறார், ஐந்து மீட்டரில் ஒரு தடவை, ஒரு சாண் தூரத்தில் ஒரு தடவை. மென்பொருள் முதல் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது இடத்துக்கு நாம்தான் பொறுப்பு. அந்த இரண்டாவது இடத்துக்காக எனக்கு மேலும் நாலு மாதம் பிடித்தது.

மென்பொருள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால்தான் மற்றது புரியும். தூரத்தில் தெரிய வேண்டிய பெரிய படத்தை, அதாவது மூலப் படத்தை, கட்டங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி நிறம் என்ன என்று கணக்கிடும். நம்மிடமுள்ள சின்னப் படங்கள் ஒவ்வொன்றுக்கும் அதே கணக்கு. பிறகு எந்தக் கட்டத்துக்கு எந்தப் படம் நெருக்கம் என்று தேடி வைக்கும். நான் முதலில் பயன்படுத்தியது ஆண்ட்ரியாமொசைக் என்ற இலவச மென்பொருள். அதில் சின்னப் படத்தின் நிறத்தை எத்தனை சதவீதம் மாற்றலாம் என்று ஓர் அமைப்பு உண்டு. நான் அதை 40-ல் வைத்தேன். அதாவது ஒவ்வொரு சின்னப் படத்தின் மேலும் அந்தக் கட்டத்துக்கு வேண்டிய நிறத்தைக் கெட்டியாகப் பூசச் சொன்னேன். தூரத்திலிருந்து முகம் அருமையாக வந்தது. அத்தை பார்த்த புகை அந்தப் பூச்சுதான்.

பூச்சைக் குறைத்தால் முகம் கலைந்துவிடும். கலையாமல் இருக்க வேண்டுமானால் சரியான மூலப் படமும் சரியான சின்னப் படங்களும் வேண்டும். குறுக்கு வழி இல்லை.

மூலப் படத்தில்தான் முதல் தப்பு நடந்திருந்தது. எல்லோருக்கும் பிடித்த படம் என்பதால் ஒரு குடும்பப் படத்திலிருந்து தாத்தாவின் முகத்தை வெட்டி எடுத்திருந்தேன். நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்து எடுத்த படம். ஃப்ளாஷ் நேராக விழுந்தால் முகத்தில் நிழலே இருக்காது, நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் ஒரே வெளிச்சம். அதைக் கட்டங்களாக்கினால் முட்டைக்குக் கண் வைத்த மாதிரி வரும். இரண்டாவது தடவை, ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்தேன். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். மூக்கின் ஓரம் கோடு போட்ட மாதிரி தெளிவாக இருக்கும். தாடைக்குக் கீழே கொஞ்சம், காதுக்கு வெளியே கொஞ்சம் மட்டும் விட்டு நெருக்கமாக வெட்டினேன். பின்னாலிருந்த அலமாரியை மங்கலாக்கினேன்.

எந்தப் படம் தாங்கும் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. அதை முன்னாலேயே செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். உங்கள் மொசைக்கில் அகலத்தில் எத்தனை கட்டம், உயரத்தில் எத்தனை கட்டம் என்று முடிவு செய்யுங்கள். என்னுடையது 60-க்கு 90. மூலப் படத்தை அதே அளவுக்கு, 60 பிக்சலுக்கு 90 பிக்சலாகச் சுருக்குங்கள். அதைத் திரையில் பெரிதாக்கி, இரண்டு எட்டு பின்னால் போய், குடும்பத்தில் யாரையாவது கூப்பிட்டு "இது யார்?" என்று கேளுங்கள். உடனே பெயர் சொன்னால் அந்தப் படம் தாங்கும். யோசித்தால் தாங்காது. எந்த மென்பொருளும் அதைக் காப்பாற்றாது.

கட்டம் கட்டமான ஒரு முகம் எப்படி முகமாகத் தெரிகிறது என்பது தனி ஆச்சரியம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லியோன் ஹார்மன், கென் நோல்டன் இருவரும் 1966-ல் ஒரு பெண்ணின் படத்தைக் கணினியில் எடுத்து, சின்னச் சின்ன மின்னணுக் குறியீடுகளால் நிரப்பி, 12 அடி நீளத்துக்கு அச்சிட்டார்கள். பக்கத்தில் நின்றால் வெறும் குறியீடுகள், தள்ளிப் போனால் படுத்திருக்கும் பெண். பிறகு ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைப் பெரிய பெரிய சதுரங்களாக்கி, எவ்வளவு குறைந்த தகவலில் முகம் அடையாளம் தெரியும் என்று ஆராய்ந்து 1973-ல் எழுதினார். அதைப் பார்த்துத்தான் ஓவியர் சால்வடார் டாலி, கடலைப் பார்த்து நிற்கும் தன் மனைவி காலாவையும் லிங்கனையும் ஒரே ஓவியத்தில் 1976-ல் வரைந்தார். உண்மையான புகைப்படங்களையே கட்டங்களாக வைக்கும் முறையைப் பிரபலமாக்கியவர் ராபர்ட் சில்வர்ஸ். 1990-களின் நடுவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் மாணவராக இருந்தபோது தொடங்கி, 2000-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஹார்மன் கண்டதில் எனக்கு நேரடியாக உதவிய விஷயம் ஒன்று. சதுரங்களாக்கிய முகம் நமக்குத் தெரியாமல் போவதற்குத் தகவல் குறைந்தது மட்டும் காரணமில்லை, சதுரங்களின் கூர்மையான விளிம்புகளும் கண்ணை இழுத்து முகத்தை மறைக்கின்றன. படத்தை மங்கலாக்கினால் விளிம்பு கரையும், முகம் வெளியே வரும். கண்ணை இடுக்கிப் பார்த்தாலே போதும். எனக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி போடுகிறேன். மொசைக் செய்த நாலு மாதமும் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித்தான் சோதித்தேன். கண் ஒரு பாகையின் 60-ல் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும் என்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் கட்டம் முழுதாகக் கரைய 34 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வீட்டுக்குள் அது நடக்காது. அதனால் கட்டங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு விடாதீர்கள். பல மாதிரிகளில் அப்படி விடுகிறார்கள், கிட்டே அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தூரத்தில் முகத்தைத் தின்றுவிடும்.

சரி, சின்னப் படங்களுக்கு வருவோம்.

நாலு குடும்பங்களிலிருந்து 6340 படங்கள் வந்து சேர்ந்தன. ஒரே நொடியில் எடுத்த ஏழெட்டுப் படங்கள், யாரோ அனுப்பிய ஃபார்வர்டுகள், ரசீதுகள், கையாட்டம் விழுந்தவை எல்லாம் போக நின்றது 2870. போன் படங்களில் ஒரு சிக்கல், பல படங்கள் பக்கவாட்டில்தான் சேமிக்கப்பட்டிருக்கும், "இதைத் திருப்பிக் காட்டு" என்று எக்சிஃப் குறிப்பு மட்டும் உள்ளே இருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத நிரலில் ஆட்கள் படுத்த வாக்கில் வருவார்கள். எல்லாப் படங்களையும் முதலிலேயே நிமிர்த்திச் சேமித்துவிட்டேன்.

அதைவிட முக்கியமானது வெட்டுவது. சதுரமாக வெட்டும் வேலையை மென்பொருளிடம் விட்டால் நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளும். நின்றபடி எடுத்த படத்தில் நடுப்பகுதி என்பது வயிறும் சட்டைப் பொத்தானும். தலை போய்விடும். முதல் மொசைக்கில் தலையில்லாதவர்கள் எத்தனை பேர் என்று பின்னால் எண்ணிப் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது. இரண்டாவது தடவை ஒவ்வொரு படத்தையும் கையால் வெட்டினேன். தினம் ராத்திரி ஒரு மணி நேரம். ஒரு சென்டிமீட்டர் கட்டத்தில் ஒரு முகமோ இரண்டு முகமோதான் அடையாளம் தெரியும். இருபது பேர் நிற்கும் குழுப் படம் அந்த அளவில் வெறும் புள்ளிகள். அதனால் குழுப் படத்தை அப்படியே போடாமல் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக வெட்டினேன். 2870 படங்கள் 4100 ஆயின. பழைய ஆல்பப் படங்களை 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்தது இதற்காகத்தான். அந்த அளவில் ஆல்பத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள முகத்துக்குக்கூட 236 பிக்சல் கிடைக்கும். என் கட்டத்துக்குத் தேவை 120.

அப்புறம் நிறம். மூலப் படம் கறுப்பு வெள்ளை, சின்னப் படங்கள் முக்கால்வாசி வண்ணம். நிறத்தோடு ஒப்பிடச் சொன்னால் மென்பொருள் சாம்பல் சாயல் படங்களாகவே பொறுக்கும். குழந்தைகள் சிவப்புச் சட்டையில், மஞ்சள் சட்டையில் சிரிக்கும் படங்கள் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. நாங்கள் ஆசைப்பட்டுச் சேர்த்தவையே அவைதான். இந்த இடத்தில்தான் பைத்தான் என்ற நிரல்மொழியில் நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் ஒப்பிட்டேன். முகத்தைக் கண் அடையாளம் காண்பது இருட்டு வெளிச்சத்தை வைத்துத்தான்.

வெளிச்சம் என்றால் சிவப்பு, பச்சை, நீல எண்களைக் கூட்டி மூன்றால் வகுப்பதில்லை. நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் 7 மட்டுமே. நீலச் சட்டைக்காரர் எண்ணில் நடுத்தர வெளிச்சமாக இருப்பார், கண்ணுக்கு இருட்டு. இன்னொன்று, கோப்பில் உள்ள பிக்சல் எண்ணும் வெளிச்சத்தின் அளவும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. பாதி கறுப்பு, பாதி வெள்ளை உள்ள ஒரு சின்னப் படத்தின் சராசரி எண் 128 வரும். தள்ளி நின்று பார்த்தால் அது 188-க்குச் சமமான சாம்பலாகத் தெரியும். எண்ணை முதலில் வெளிச்சமாக மாற்றிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் சரி செய்ததும் கன்னத்தில் திட்டுத் திட்டாக இருந்தது பாதி மறைந்தது. மீதிக்கு, வண்ணப் படங்களின் நிறத்தைப் பாதியாகக் குறைத்தேன். சிவப்புச் சட்டை சிவப்பாகவே இருந்தது, கண்ணில் குத்தவில்லை. பூச்சு 40-லிருந்து 12-க்கு இறங்கியது.

இருட்டுப் படங்களுக்குத்தான் பஞ்சம். 5400 கட்டங்களில் ஏறக்குறைய 1900-க்கு இருட்டுப் படம் தேவைப்பட்டது, என்னிடம் இருந்தது 300 சொச்சம். யாரும் இருட்டான படத்தை வைத்துக்கொள்வதில்லை, உடனே அழித்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "இருட்டில் எடுத்துச் சரியாக வராத படம் இருந்தால் அழிக்காமல் அனுப்புங்கள்" என்று கேட்டேன். 250 வந்தது. அதற்கு மேல் வழியில்லை என்றதும் மூலப் படத்தைத் திருத்தினேன். பின்னணியை ஒரு படி வெளுக்க வைத்து, கன்னத்து நிழலையும் கொஞ்சம் ஏற்றினேன். சின்னப் படங்களில் எத்தனை இருட்டு, எத்தனை வெளிச்சம் இருக்கிறதோ, அதற்குத் தக்கபடி மூலப் படத்தை வளைப்பதுதான் சரி. நான் முதலில் எதிர்த்திசையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரே படம் திரும்பத் திரும்ப வருவதையும் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு படம் அதிகபட்சம் இரண்டு தடவை, அதுவும் எட்டுக் கட்டமாவது தள்ளி என்று வைத்தேன். வெள்ளைச் சட்டைப் பகுதியில் ஒரே வெளிச்சப் படம் வரிசையாக வந்தால் பூப்போட்ட துணி மாதிரி ஆகிவிடும்.

இனிச் சொல்லப்போவதில்தான் எனக்கு மிகவும் ஈடுபாடு. தாத்தா கறுப்புச் சட்டமுள்ள கனமான மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார். அது இல்லாமல் அவர் அவராகவே இருக்க மாட்டார். என் கட்டக் கணக்கில் அந்தச் சட்டத்தின் தடிமன் ஒரு கட்டத்துக்குச் சற்று அதிகம். சராசரி எடுக்கும்போது பாதி சட்டம், பாதி தோல் கலந்து சாம்பலாகி, கண்ணாடி கரைந்துபோய்க் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்த மாதிரி இருந்தது. நோயாளி மாதிரி. பார்க்கவே முடியவில்லை.

கட்டத்தை ஒரே சராசரியாகப் பார்க்காமல் அதற்குள்ளேயே 5-க்கு 5 என்று பிரித்து ஒப்பிட்டேன். அப்படிச் செய்தால் நிரல் வெளிச்சத்தோடு வடிவத்தையும் தேடும். மேலே இருட்டு, கீழே வெளிச்சம் வேண்டுமென்றால் அப்படி இருக்கும் படத்தையே கொண்டுவரும். மூக்கின் ஓரக் கோடு இதிலேயே அழகாக வந்துவிட்டது. கண்ணாடிக்கு மட்டும் போதவில்லை, குறுக்கே ஒரு கறுப்பு வளைவு ஓடும் படங்கள் என்னிடம் குறைவு. அதனால் தேடப் போனேன். சைக்கிள் சக்கரத்தின் ஒரு துண்டு. மாடிப்படிக் கைப்பிடி. விரித்த குடையின் விளிம்பு. நெற்றியில் விழுந்த தலைமுடி. என் தங்கை சின்ன வயதில் தாத்தாவின் மடியில் உட்கார்ந்திருக்கும் படத்தில் நாற்காலியின் கை வளைந்து போகும், அந்த வளைவு இடது கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தில் அப்படியே பொருந்தியது. 46 துண்டுகள். ஒவ்வொன்றையும் நானே வெட்டி, எந்தக் கட்டத்துக்கு என்று எண் போட்டு, நிரல் தொடக்கூடாது என்று பூட்டி வைத்தேன். அன்று ராத்திரி அந்தப் படத்தைத் திறந்து, என் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது, தாத்தா செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் கண்ணில் உயிர் இல்லை. கருவிழிக்கு எட்டுக் கட்டம், எட்டும் இருட்டு. மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் கருவிழியில் ஒரு புள்ளியாக விழுந்திருந்தது, சராசரியில் அது காணாமல் போயிருக்கிறது. முழுக்க இருட்டு, மேல் மூலையில் ஒரே ஒரு வெளிச்சம் உள்ள படம் வேண்டும். கேட்டு வாங்கிய இருட்டுப் படங்களில் ஒன்று இருந்தது. மொட்டை மாடியில் ராத்திரி யாரோ எடுத்தது, ஆட்கள் நிழலாகத் தெரிகிறார்கள், தூரத்தில் ஒரு பல்பு. அனுப்பியவர் "இது எதுக்கும் ஆகாது" என்று எழுதித்தான் அனுப்பியிருந்தார். அதை வலது கருவிழியில் வைத்தேன். அதையே இடம் வலமாகத் திருப்பாமல், வேறு மாதிரி வெட்டி இடது கண்ணிலும் வைத்தேன். ஜன்னல் ஒரு பக்கம்தான் இருந்தது, இரண்டு கண்ணிலும் வெளிச்சம் ஒரே பக்கத்தில்தான் விழ வேண்டும்.

ஒரு பெரிய முடிவை அவசரமாக எடுத்துவிடாதீர்கள், அது யாரைப் போடுவது என்பது. ஒவ்வொருவரிடமும் எந்தப் படங்கள் என்று காட்டிக் கேட்டேன். தம்பி முறையுள்ள ஒருவர் இரண்டு படங்களை எடுத்துவிடச் சொன்னார், ஏன் என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் ஒரு தடவையாவது இருக்கிறார்களா என்று கடைசியில் சரிபார்த்தேன். விடுபட்ட மூன்று பேரைக் கையால் சேர்த்தேன்.

அச்சுக்கு 24-க்கு 36 அங்குலம், 300 டிபிஐ, அதாவது 7200-க்கு 10800 பிக்சல். ஒரு கட்டத்துக்கு 120 பிக்சல். முதல் அச்சு கருப்பாக வந்தது. என் திரையின் வெளிச்சத்தை அதிகமாக வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன், அச்சில் நிழல் பகுதிப் படங்கள் எல்லாம் மூடிப்போயின. முழுதாக அச்சிடும் முன் கண்ணும் கன்னமும் சேர்ந்த ஒரு துண்டை மட்டும், உண்மையான அளவில், அதே காகிதத்தில் அச்சிட்டுப் பாருங்கள். இருட்டுக் கட்டத்தில் ஆள் அடையாளம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. பளபளப்பான காகிதம் வேண்டாம், மேட் போதும். இந்தப் படத்தைப் பார்ப்பவர் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பார், ஒவ்வொரு எட்டுக்கும் ஜன்னல் பிரதிபலிக்கும். மாட்டும் இடத்துக்கு எதிரே ஐந்து மீட்டராவது காலியாக இருக்கட்டும். உயரமாகவும் மாட்டாதீர்கள். மேல் வரிசையில் இருப்பவர்களையும் யாராவது பார்க்க வேண்டும்.

வரிசை எண், கட்ட எண், படத்தில் யார், எந்த வருடம் என்று ஒரு பட்டியலும் செய்து கூடவே வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது "நான் எங்கே?" என்றுதான்.

அத்தை வந்தபோது இந்தத் தடவை தூரத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. அவருக்கும் என்னைப் போலவே கிட்டப்பார்வை, என்னைவிடப் பவர் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குக் கண்ணாடியைக் கழற்றினால் தூரம் மங்கும், ஒரு சாண் தூரம் துல்லியமாகத் தெரியும். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க ஆரம்பித்தார். கால் மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா. இதை உங்கப்பான்னா எழுதியிருக்க? இது உங்க சித்தப்பா. பல்லு விழுந்திருக்கு பாரு, அந்த வருஷம் அவனுக்குத்தான் விழுந்துச்சு."

பேனாவை எடுத்துத் திருத்தினேன். "அடுத்ததையும் எழுதிக்கோ" என்றார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். அன்று சாயங்காலம் விளக்குப் போடும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். பதினாலாவது வரிசை வரை ஆனது.